ஐஸ் அறையில் வைத்த கேமரா

லென்சைச் சட்டையால் துடைக்காதே. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்கிறது.

போன மாதம் மலாக்காவில், ஆயர் குரோ பக்கம் ஒரு ஹோட்டலில் கல்யாணம். உள்ளே ஏர்கோன், உடம்பு விறைக்கிற குளிர். படம் எடுக்க வந்த பையன் மாப்பிள்ளை பெண்ணை வெளியே தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். மத்தியான வெக்கை. லென்ஸ் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. சட்டை நுனியை எடுத்துத் துடைத்தான். மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தான். "தம்பி, கொஞ்ச நேரம் சும்மா விடு, அதுவா போயிரும்" என்றேன். "டைம் இல்ல அங்கிள், பொண்ணு வீட்டுக்காரங்க அவசரப்படுறாங்க" என்று சிரித்தான். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. கல்யாண வீடு என்றும் பாராமல் கத்திவிட்டேன். இந்தக் கிழவனுக்கு என்ன பிடித்தது என்று அந்தப் பையன் நினைத்திருப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 'டைம் இல்ல' என்ற பேச்சை நான் வேறு ஒரு ஆளிடம் கேட்டிருக்கிறேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த இங்குள்ள படக்காரப் பிள்ளைகள், தாங்கள் போடும் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். "லென்ஸ் வேர்த்தா என்ன செய்யிறதுன்னு நாலு வரி அங்கிள், போதும்." சரி, நாலு வரி இதோ. கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, வெளிக்காற்று சூடாக, ஈரமாக இருக்கிறது. கோப்பிக்கடை மேசையில் ஐஸ் தண்ணீர் கிளாஸ் வேர்க்கிறதே, அதேதான் இது. குளிர்ந்த இடத்திலேயே கேமராவைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டு, பிறகு வெளியே கொண்டு வா. சூடு ஏறும்வரை திறக்காதே.

கேட்டதை எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதை அவர்கள் கேட்கவில்லை.

நான் தொழில் கற்றது காஜா பேராங் ரோட்டில் ஒரு சீனர் கடையில். பெருக்கிக் கூட்டப் போனவன் பிளேட் கழுவினேன், பிறகு படம் எடுத்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் அப்படித்தான் கற்றார்கள். அப்போது படம் விழுவது கண்ணாடி பிளேட்டில். கேமரா பெரிய மரப்பெட்டி. தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியில் உருவம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிளேட்டைச் செருக வேண்டும்.

ஜப்பான்காரன் வந்த முதல் வாரங்களிலேயே கடை முதலாளியான சீனத் தவுக்கேயை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. கடையையும் கேமராவையும் இருந்த பிளேட்டுகளையும் பட்டாளம் எடுத்துக்கொண்டது. என்னையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். சம்பளமாக வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டும் மரவள்ளிக்கிழங்கும்.

எங்களுக்கு மேலே ஒரு கேப்டன். மஞ்சூரியாவில் பனியில் படம் எடுத்தவர். மலாக்கா வெக்கையைக் கண்டால் அவருக்குப் பயம். பிளேட் கெட்டுவிடும், லென்சில் பூசணம் பிடிக்கும் என்று எல்லாவற்றையும் ஆற்றோரம் இருந்த ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் வைக்கச் சொன்னார். பிளேட் சரி, கேமரா எதற்கு? பட்டாளத்துச் சாமான் எல்லாம் ஒரே பூட்டுக்குள், ஒரே காவலுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் உள்ளே போனால் மறுநாள் காலையில் காவல் வந்து திறந்த பிறகுதான் வெளியே வரும். அவர் வாயால் சொன்னாலொழிய ராத்திரி வெளியே வைக்க முடியாது.

ஆனால் ஒன்று, அந்த ஆளுக்குத் தொழில் தெரியும். முதல் நாளே என்னைக் குளிர் அறைக்குள் கூட்டிப் போய்ச் செய்து காட்டினார். கேமராவை உள்ளேயே ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இறக்கி, மூடி, விளிம்பைச் சுற்றி ரப்பர் ஷீட்டை இழுத்துக் கட்ட வேண்டும். பிளேட்டுக்குத் தனியாக ஒரு டின். பிறகு வெளியே. டின் வேர்க்கும். துடைத்தால் மறுபடி வேர்க்கும். வேர்க்கட்டும், அந்தத் தண்ணீர் லென்சில் பிடிக்க வேண்டியது, டின் வாங்கிக்கொள்கிறது. துடைத்த இடம் காய்ந்தபடியே இருந்து, கை வைத்தால் கைச் சூடே தெரிந்தால்தான் கட்டை அவிழ்க்க வேண்டும். காலையில் எடுத்தால் உச்சி வெயில் ஆகிவிடும். அதற்கு முன்னால் திறந்தால் லென்சுக்கு வெளியே மட்டும் இல்லை, உள்ளே கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும் பூத்துவிடும். அங்கே எந்தத் துணி போகும்? கேப்டன் டின்னைத் தட்டிக் காட்டி, தூங்குகிற மாதிரி கன்னத்தில் கை வைத்தார். காத்திரு என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற கிராணி ராஜரத்தினம் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எனக்கு அதைத் தமிழில் சொன்னதே கிராணிதான்.

இந்தக் கிராணி சண்டைக்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரனிடம் கணக்கு எழுதியவர். ஜப்பான்காரன் வந்ததும் அவன் பாஷையை மளமளவென்று கற்றுக்கொண்டு எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் டை. எங்களோடு பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கேப்டன் வந்தால் டை நுனி மேசையில் படுகிற அளவுக்குக் குனிவார். நக்குற நாய்க்குச் செக்கென்ன சிவலிங்கமென்ன. வெள்ளைக்காரனுக்கு 'எஸ் சார்', ஜப்பான்காரனுக்கு அவன் பாஷையில் 'ஹாய்'. வயிற்றுப் பிழைப்புக்குக் குனிந்தால் நான் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் குனிந்தவன்தான். இந்த ஆள் அடுத்தவன் கழுத்தில் ஏறி நின்று குனிந்தார்.

என் அக்கா ராஜம்மாவின் புருஷன் வேலு அந்த ஐஸ் கம்பெனியில்தான் வேலை. கொக்கியைப் போட்டு ஐஸ் கட்டியை இழுத்து, மரத்தூள் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றுவார். சிரித்த முகம். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அப்போது சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் பிடித்தார்கள், பாசாரில் பிடித்தார்கள், எங்கள் காஜா பேராங்கில் சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டுப் பிடித்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று ஊருக்குள் தெரிந்துபோயிருந்தது. பட்டாளத்து மீனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஐஸ் வேண்டும், அதனால் ஐஸ் கம்பெனி ஆட்களைத் தொடக்கூடாது என்று ஒரு உத்தரவு வந்தது. அதற்கு அவர்கள் சட்டையில் முகப் படம் ஒட்டிய பாஸ் குத்தியிருக்க வேண்டும். படம் இல்லாதவன் லோரியில் ஏற வேண்டும். அந்தப் படத்தை எடுக்கிற வேலை எங்களுக்கு வந்தது.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "தம்பி கையில படம், இனிமே எனக்குப் பயமில்ல" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

பிளேட் பஞ்சம். ஆளுக்கு ஒன்றுக்கு எங்கே போவது? வரிசையாக ஆட்களை நிறுத்தி ஒரு வரிசைக்கு ஒரு பிளேட் எடுத்து, பிறகு தலை தலையாக வெட்டி ஒட்டுவது என்று ஏற்பாடு. ஒன்று கெட்டால் அந்த வரிசை முழுக்கப் போச்சு.

கேப்டன் எத்தனை மணிக்குப் படம் வேண்டும் என்று சொல்லவே இல்லை. "இந்த வாரத்துக்குள்" என்றுதான் சொன்னார், நானும் அங்கேதான் நின்றேன், கிராணியே அதைத் தமிழில் சொன்னார். கிராணிதான் முந்திக்கொண்டு, நாளை மத்தியானமே உங்கள் மேசையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மத்தியானமும் தோக்கியோ மத்தியானம். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஜப்பான் நேரத்துக்கு முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. மணி எட்டு அடிக்கும்போது நம் சூரியன் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். நான் அன்றைக்கே சொன்னேன். "ஐயா, அதுக்குள்ள டின் காயாது. இன்னிக்கு ராத்திரி வெளியில வைக்கக் கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க." நகத்தைப் பார்த்தார். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ உன் வேலையப் பாரு" என்றார். கேட்கவில்லை.

மறுநாள் விடிய மழை பெய்து நின்றிருந்தது. காற்றே ஈரம். காவல்காரச் சிப்பாய் கதவைத் திறந்தான். உள்ளே போய் டின்னைக் கட்டி வெளியே கொண்டு வந்து வைத்தேன். தண்ணீர் வழிகிறது. ஆட்கள் முற்றத்தில் வரிசை கட்டிவிட்டார்கள். என் மச்சான் வேலு தன் கூட்டாளிகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "மாப்ள, முதல் வரிசை நம்மதுதான். நல்லா விழணும். உங்கக்காகிட்ட காட்டணும்" என்றார். தலைக்கு எண்ணெய் தடவிச் சீவியிருந்தார். எண்ணெய் எங்கே கிடைத்ததோ.

"ஐயா, டின் இன்னும் வேர்க்குது. உச்சி வெயில் வரட்டும்" என்றேன்.

"மத்தியானத்துக்குள்ள குடுக்கிறதாச் சொல்லிட்டேன். டைம் இல்ல."

"கேப்டன்தானே நமக்கு இதச் சொல்லிக் குடுத்தாரு? ஆள் அனுப்பிக் கேளுங்க, காத்திருன்னுதான் சொல்லுவாரு."

"நான் போய் அவரப் பொறுத்திருங்கன்னு சொல்லணுமா? யாருகிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசு."

பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து ரப்பர் ஷீட்டை அவரே அறுத்தார். நான் டின்னின் மேல் கையை வைத்துக்கொண்டேன். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என் கையைத் தள்ளினான். கேமராவை எடுத்து முக்காலியில் பொருத்திவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடியில் ஆளே இல்லை. பாலை ஊற்றின மாதிரி ஒரே வெள்ளை. "தெரியலைய்யா, ஒண்ணுமே தெரியல" என்றேன். கிராணி கைக்குட்டையால் லென்சின் முகத்தைத் துடைத்தார். பூத்தது. துடைத்தார். பூத்தது. "இப்ப தெளிவாயிருச்சு" என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் பிளேட்டைச் செருகவில்லை. என்னை நெட்டித் தள்ளிவிட்டு அவரே செருகி, அவரே மூடியை எடுத்து, அவரே மூடினார். என் மச்சான் கண்ணிமைக்காமல் நின்றார். அசைந்தால் கெட்டுவிடும் என்று நான்தான் வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அடுத்தடுத்த வரிசைகளை நான் இழுத்தடித்தேன். முக்காலி சரியில்லை என்றேன், வெளிச்சம் சரியில்லை என்றேன். அதற்குள் வெயில் ஏறிக் கேமராவுக்குச் சூடு பிடித்தது. ஓரத்திலிருந்து வெள்ளை கரைந்து முகங்கள் வெளியே வந்தன. கடைசி வரிசைக்கு மூக்கு மச்சம்கூடத் தெரிந்தது. இன்னும் ஒரு பிளேட் மிச்சம் இருந்தது. என் மனசு குளிர்ந்தது. "ஐயா, ஒண்ணு இருக்கே, முதல் வரிசைய மறுபடி எடுத்துடுவோம். அங்கதான் நிக்கிறாங்க" என்றேன்.

"அது வேற காரியத்துக்கு."

என்ன காரியம் தெரியுமா? நாற்காலி போடச் சொன்னார். டையைச் சரிசெய்துகொண்டு நடுவில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் கம்பெனி மேனேஜர், அந்தப் பக்கம் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். வேலை சிறப்பாக முடிந்தது என்று கேப்டனுக்குக் காட்டப் படமாம். சிப்பாய் பக்கத்தில் நிற்க அந்தப் படத்தை என்னைக்கொண்டு எடுக்க வைத்தார். லென்ஸ் அப்போது பளிங்காக இருந்தது. அந்த நாசமாய்ப் போன படம் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம். 

இருட்டறையில் கழுவிப் பார்த்தோம். முதல் பிளேட்டில் ஒரே மூட்டம், அதில் நிழல் நிழலாகச் சில தலைகள். எது யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. "ஐயா, கேப்டன்கிட்ட உண்மையச் சொல்லுவோம். பழிய என் மேல போடுங்க, அடிச்சா வாங்கிக்கிறேன். இன்னொரு பிளேட் மட்டும் கேளுங்க" என்று காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினேன். ஈரம் சொட்டுகிற பிளேட்டை என் கையிலிருந்து வாங்கி வாளிக்குள் போட்டு, வெள்ளைச் சப்பாத்துக் காலால் மிதித்து நொறுக்கினார். "ஆச்சு. இத மறந்துடு" என்றார்.

கேப்டனிடம் அவர் என்ன சொன்னார் என்பது இரண்டொரு நாள் கழித்து ஐஸ் கம்பெனியில் ஆளைக் கூட்டி நிறுத்தியபோதுதான் தெரிந்தது. முதல் வரிசை ஆட்கள் படத்துக்கு வரவே இல்லையாம். சயாமுக்குப் பயந்து அன்றைக்கு ஒளிந்துகொண்டார்களாம். பாஸ் உள்ளவர்கள் வலப்பக்கம், இல்லாதவர்கள் இடப்பக்கம். "நான் வந்தேன், முதல் ஆளா நின்னேன்" என்று என் மச்சான் மலாயில் சொல்லிப் பார்த்திருக்கிறார். மண்டோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். லோரி வரும்வரை அவர்களை மரத்தூள் கொட்டகையில் அடைத்துவிட்டார்கள்.

சேதி கேட்டதும் கடற்கரைப் பக்கம் கேப்டன் இருந்த பங்களாவுக்கு ஓடினேன். சிப்பாய் வாசலிலேயே ஓங்கி அறைந்தான். சத்தம் கேட்டுக் கேப்டன் வெளியே வந்தார். பின்னாலேயே கிராணி. நான் மண்டியிட்டேன். தெரிந்த மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று, எல்லாவற்றையும் கொட்டினேன். டின்னைக் கட்டுகிற மாதிரி காட்டினேன், கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். கேப்டன் புரியாமல் கிராணியைப் பார்த்தார். கிராணி குனிந்து ஏதோ சொன்னார். கேப்டன் முகம் இளகியது. என்னைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. சொல்லிவிட்டார், கிராணி மனுஷன்தான் என்று நினைத்துவிட்டேன். கேப்டன் சிப்பாயிடம் "கோமே" என்றார். அந்த வார்த்தை அப்போது மலாக்காவில் நண்டுசிண்டுக்கெல்லாம் தெரியும். அரிசி. சிப்பாய் உள்ளே போய் ஒரு பால் டின் அரிசி கொண்டுவந்து என் சட்டையைப் பிடித்து மடியில் கொட்டினான்.

வீட்டில் பட்டினி, அரிசி கேட்டு அழுகிறான் என்று சொல்லியிருக்கிறான் பாவி.

நான் கத்தினேன். அரிசியைத் தரையில் கொட்டிவிட்டுக் கத்தினேன். அதற்கப்புறம் எவ்வளவு அடி விழுந்தது என்று தெரியாது. தட்டுத் தடுமாறி ஐஸ் கம்பெனிக்குப் போனபோது கொட்டகை திறந்து கிடந்தது. லோரி தம்பின் ஊர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது என்றார்கள். மலாக்காவில் ஏற்ற ரயில் ஏது? நம் ஊர்த் தண்டவாளத்தையே சயாமுக்குப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்களே. அக்கா கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். "உன் படம் என்னடா ஆச்சு?" என்று ஒரே கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

சண்டை ஓய்ந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். அக்கா ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கேட்டாள். ஒருவர் மட்டும் பார்த்ததாகச் சொன்னார். பேதி வந்து கிடந்தார், நாங்கள் அடுத்த முகாமுக்குப் போய்விட்டோம், அவ்வளவுதான் தெரியும் என்றார். எந்தக் காடு, எந்த ஆற்றோரம், தெரியாது. எத்தனையோ பேர் கல்யாணத்தைப் படம் பிடித்த என்னிடம் என் மச்சானுக்கு ஒரு படம் இல்லை.

கிராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், இவரும் 'எஸ் சார்' என்று திரும்பி வந்தார். ஐஸ் கம்பெனி ஆட்களையெல்லாம் சயாமிலிருந்து காப்பாற்றினவர் என்று கூட்டத்தில் மாலை போட்டார்கள். சாட்சிக்கு அந்தப் பளிங்குப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். "பழசையெல்லாம் கிளறாதப்பா" என்று என்னைத்தான் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு என்னை உட்கார வைத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

தவுக்கேயின் சம்சாரம் கடையை மறுபடி திறந்தார். நான் படம் எடுத்தேன். அக்கா பஞ்சில் வர்ணம் தொட்டுப் படங்களுக்குக் கலர் போடக் கற்றுக்கொண்டு அங்கேயே வேலைக்கு இருந்தாள். பிறகு எல்லாரும் ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று வந்தது. கடை வாசலில் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் கிராணியும் வந்தார். நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து டையைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லா விழணும் மாரிமுத்து. உன் கை ராசியான கை."

நான் துணிக்குள் தலையை விட்டேன். அந்த மூஞ்சி தலைகீழாகத் தெரிந்தது. அவர் அக்கா பக்கம் திரும்பி, "யாரும்மா நீ? புதுசா இருக்கே" என்றார்.

அக்கா பஞ்சைக் கீழே வைக்காமலே சொன்னாள். "வேலு சம்சாரம்."

"எந்த வேலு?"

நடிப்பில்லை. முகத்தைப் பார்த்தே பிழைத்தவன் நான், நடிக்கிற முகம் எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. நான் லென்சை மூடினேன். "எழுந்து போங்க. இந்தக் கடையில உங்களுக்குப் படம் கிடையாது" என்றேன். "என்னப்பா ஆச்சு உனக்கு, நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே போனார். வரிசையில் நின்றவர்களும் நான் என்னவோ மரியாதை இல்லாமல் நடந்துகொண்ட மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா கேட்டாள்.

"அந்தாளுக்கு ஞாபகமே இல்லையா தம்பி?"

"இல்லக்கா."

வர்ணப் பஞ்சைக் கழுவிப் பிழிந்து வைத்தாள். பிறகு சொன்னாள். "இத்தன வருஷமா, அவனுக்கு ராத்திரி தூக்கம் வராதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குனேன்."